ஜப்பானில் வேலை மாறுவது, விசா புதுப்பிப்பது: நம்ம கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த தம்பி ஒருவர், காவேரிப்பட்டணத்துக்காரர், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். ஜப்பானில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர் எல்லோரிடமும் இருக்கும் அட்டைதான். ஸைர்யூ கார்டு என்பார்கள்.

"அண்ணா, டிசம்பர் 20-ம் தேதி பழைய கம்பெனியில ரிசைன் பண்ணிட்டேன். பிப்ரவரி 1-ம் தேதி புதுக் கம்பெனியில சேரணும். இந்த விசா செல்லுமா? பழைய ஓனர் கேன்சல் பண்ணிடுவாரா?"

இந்தக் கேள்வியில் இருக்கும் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் அப்பா, சித்தப்பா காலத்தில் வளைகுடா போய் வந்தவர்கள் சொல்லிக் கேட்ட கதை அது. அங்கே ஸ்பான்சர் கையில்தான் விசா. அவர் கேன்சல் செய்தால் நாள் எண்ணத் தொடங்க வேண்டும். ஜப்பானில் அப்படி இல்லை. எஞ்சினியர் விசாவில் போனவருக்குத் தங்கும் தகுதி அவர் பெயரில்தான் இருக்கிறது. முதலாளி அதைக் கேன்சல் செய்ய முடியாது. இது தெரியாமல் மோசமான இடத்தில் வாயை மூடிக்கொண்டு வருடக்கணக்கில் வேலை பார்த்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் 3 வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆனால் விசா உங்களுடையது என்றால் கணக்கு ஒப்பிக்க வேண்டியதும் நீங்கள்தான். வேலை மாறிய அன்று யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். புதுப்பிக்கப் போகும் நாளில்தான் அத்தனையும் மேசைக்கு வரும். அதனால் இந்த இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும்.

முதலில் கையில் இருக்கும் அட்டையைப் படியுங்கள்

நான் சொல்லப் போவதெல்லாம் பொறியியல், மொழிபெயர்ப்பு, அலுவலக வேலைகளுக்கான விசாவுக்குத்தான். அங்கே சுருக்கமாக கிஜின்கொக்கு என்பார்கள். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ தர்மபுரியிலோ படித்து, ஓசூர் சிப்காட்டில் இரண்டு மூன்று வருடம் பார்த்துவிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் கிடைக்கிறது. காலம் 5 வருடம், 3 வருடம், 1 வருடம், 3 மாதம் என்று நான்கு விதம்.

உங்கள் அட்டையில் உயர்திறன் பணியாளர் என்று இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். புள்ளிக் கணக்கில் 5 வருடம் கிடைக்கும் அந்த விசா குறிப்பிட்ட கம்பெனியோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட்டில் கம்பெனி பெயர் போட்ட ஒரு தாளை ஒட்டியிருப்பார்கள். கம்பெனி மாறினால் புது அனுமதி வாங்கிய பிறகே வேலையில் சேரலாம். குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவும் அப்படித்தான். தொழில் பயிற்சியாளராகப் போனவர்களுக்கு நினைத்தபடி கம்பெனி மாறும் உரிமையே கிடையாது. அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டு 2027 ஏப்ரலில் வேறு முறை கொண்டுவருகிறார்கள். ஒரே வாட்ஸ்அப் குழுவில் இந்த நான்கு வகைக்காரர்களும் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் ஆலோசனை சொல்வதில்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஆஃபர் வந்ததும் பார்க்க வேண்டியது சம்பளம் மட்டும் இல்லை

புது வேலை உங்கள் படிப்போடு பொருந்த வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் தவறினால் மற்ற எல்லாத் தாளும் சரியாக இருந்தும் பயனில்லை. மெக்கானிக்கல் படித்தவர் டிசைன், தரக் கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல், இயந்திரப் பராமரிப்புத் தொழில்நுட்பம் என்று போகலாம். லைனில் நின்று நாள் முழுக்க பார்ட் பொருத்தும் வேலைக்கு இந்த விசா செல்லாது.

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது ஆள் அனுப்பும் ஏஜென்சிக் கம்பெனிகளில்தான். ஒப்பந்தத்தில் எஞ்சினியர் என்று இருக்கும். அனுப்பி வைக்கும் தொழிற்சாலையில் ஆபரேட்டர் வேலை கொடுப்பார்கள். குடிவரவு அலுவலகம், அதாவது ந்யூகான், புதுப்பிக்கும்போது அனுப்பி வைத்த இடத்தில் என்ன வேலை என்பதற்கும் தாள் கேட்கும். அப்போது ஏஜென்சிக்காரரா வந்து உங்களுக்காகப் பேசப் போகிறார்? நேர்காணலிலேயே கேளுங்கள்: எந்த ஊர், எந்தத் தொழிற்சாலை, ஒரு நாளில் என்னென்ன செய்வேன்? பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. ரோடோ ஜோகென் சூச்சிஷோ என்பது அந்தத் தாளின் பெயர். 2024 ஏப்ரலிலிருந்து வேலை இடமும் வேலை வகையும் பின்னால் எந்த அளவுக்கு மாறலாம் என்பதையும் அதில் எழுத வேண்டும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். சம்பளம், அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் கொடுப்பதற்குக் குறையக் கூடாது என்பது விசாவின் நிபந்தனை.

இந்தத் தாளில் கையெழுத்தாகும் வரை பழைய வேலையை விடாதீர்கள்.

ராஜினாமா: என்னென்ன தாள் வாங்க வேண்டும்

காலவரையறை இல்லாத ஒப்பந்தம் என்றால் 2 வாரம் முன்பு சொன்னால் போதும் என்கிறது ஜப்பானின் சிவில் சட்டம், 627-வது பிரிவு. கம்பெனி விதியில் ஒரு மாதம் என்று இருக்கும். சுமுகமாகப் போக வேண்டும் என்றால் ஒரு மாதம் கொடுங்கள். எனக்குப் பழைய கம்பெனியில் "நடுவில் விட்டுப் போனால் அபராதம் கட்ட வேண்டும்" என்றார்கள். 3 மாதம் தூக்கம் இல்லை. ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு அபராதம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவதைத் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 16-வது பிரிவு தடுக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

கடைசி நாளுக்கு முன்பு கேட்டு வைக்க வேண்டியவை இவை. முதலாவது, விலகல் சான்று, தைஷொக்கு ஷோமேய்ஷோ. இதைத் தானாகத் தர மாட்டார்கள், கேட்டால் தந்தே ஆக வேண்டும். இரண்டாவது, அந்த ஆண்டின் சம்பளமும் பிடித்த வரியும் போட்ட சீட்டு, கென்சென் சோஷூஹியோ. விலகிய ஒரு மாதத்துக்குள் வர வேண்டும். புதுக் கம்பெனி வருட இறுதி வரிக் கணக்குக்கு இதைக் கேட்கும், ந்யூகானும் பார்க்கும். மூன்றாவது, அடுத்த வேலை உடனே இல்லை என்றால் ரிஷொக்குஹியோ என்ற சீட்டு. வேலையில்லாக் காலத்து உதவித்தொகைக்கு அது இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. கடைசி 2 வருடத்தில் 12 மாதம் வேலைவாய்ப்புக் காப்பீடு கட்டியிருந்தால் தானாக விலகியவருக்கும் அந்தத் தொகை உண்டு. 7 நாள் காத்திருப்புக்குப் பிறகு முன்பெல்லாம் 2 மாதம் நிறுத்தி வைப்பார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அது 1 மாதம்.

மீதமிருக்கும் லீவையும் கணக்குப் போட்டு எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டு வருவது பெருந்தன்மை ஆகாது.

14 நாள்

காவேரிப்பட்டணத்துத் தம்பி தவறிய இடம் இதுதான். வேலையை விட்ட 14 நாளுக்குள் ந்யூகானுக்குத் தெரிவிக்க வேண்டும். புது வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் மறுபடியும் தெரிவிக்க வேண்டும். இரண்டு தனித்தனி அறிவிப்பு. இடைவெளியே இல்லாமல் மாறினால் இரண்டையும் சேர்த்து ஒரே முறை போடலாம். இணையத்தில் போடலாம், தபாலில் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. பத்து நிமிட வேலை.

கம்பெனி சொல்லிவிடும் என்று அவர் நினைத்திருக்கிறார். கம்பெனி சொல்வது வேறு கணக்கு. உங்கள் கடமை உங்களுடையது. போடாமல் விட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதைவிட முக்கியம், புதுப்பிக்கும்போது இந்த அறிவிப்புகளைச் சரியாகச் செய்திருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். வேலை மாறிய பிறகு என் முதல் புதுப்பிப்பில் 3 வருடத்துக்குப் பதில் 1 வருடம்தான் கொடுத்தார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் அறிவிப்பை 2 மாதம் தாமதமாகப் போட்டிருந்தேன்.

தாமதமானாலும் போடுங்கள். தம்பியிடமும் அதையே சொன்னேன். நாகோயா திரும்பிய மறுநாளே, தாமதத்துக்கான காரணத்தை இரண்டு வரியில் எழுதித் தபாலில் அனுப்பினார். நகல் எடுத்து, பதிவுத் தபால் ரசீதோடு ஒரு ஃபைலில் வைக்கச் சொன்னேன்.

நடுவில் வேலை இல்லாத நாட்கள்

3 மாதம் தொடர்ந்து விசாவுக்குரிய வேலையில் இல்லாமல் இருந்தால், தகுந்த காரணம் இல்லாதபோது, தங்கும் தகுதியை ரத்து செய்யலாம். ரத்து செய்தே தீருவார்கள் என்று அர்த்தம் இல்லை. உண்மையாக வேலை தேடிக்கொண்டிருந்தால் அது தகுந்த காரணம். ஆனால் தேடியதற்குச் சான்று வேண்டும். ஹலோ வொர்க் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த சீட்டு, விண்ணப்பித்த மின்னஞ்சல்கள், நேர்காணலுக்கு வந்த அழைப்பு எல்லாவற்றையும் வைத்திருங்கள். வெளிநாட்டவருக்கான தனி மையங்கள் டோக்கியோ, நாகோயா, ஒசாகா, ஃபுகுவோகாவில் இருக்கின்றன. சும்மா இருக்கிறோமே என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு உணவு டெலிவரிக்குப் போய்விடாதீர்கள். தனி அனுமதி இல்லாமல் அது சட்டவிரோத வேலை.

மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் ஒருநாள் கூட அறுந்து போகக் கூடாது. வேலையை விட்ட 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் தேசியக் காப்பீட்டுக்கும் தேசிய ஓய்வூதியத்துக்கும் மாறிக்கொள்ளுங்கள். பழைய கம்பெனிக் காப்பீட்டையே சொந்தக் காசில் தொடர விரும்பினால் அதற்கு 20 நாள் அவகாசம்.

அடுத்தது, நீங்கள் இருக்கும் ஊருக்குக் கட்டும் குடியிருப்பு வரி. வேலையில் இருக்கும்போது ஜூன் முதல் அடுத்த மே வரை சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துவிடுவார்கள், நமக்குத் தெரியவே தெரியாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை விலகினால் மீதி வரியை மொத்தமாகக் கடைசிச் சம்பளத்தில் கழித்துவிடுவார்கள். கையில் வரும் தொகையைப் பார்த்து அதிர்ச்சி ஆகும். ஜூனிலிருந்து டிசம்பருக்குள் விலகினால் பணம் கட்டும் சீட்டு வீட்டுக்குத் தபாலில் வரும். தம்பி கிருஷ்ணகிரியில் கரும்பு தின்றுகொண்டிருந்தபோது அந்தச் சீட்டு நாகோயாவில் அவர் அறையின் தபால் பெட்டியில் கிடந்தது. திரும்பிப் போனபோது தவணை முடிய 4 நாள்தான் இருந்தது. பக்கத்துக் கடையிலேயே கட்டிவிட்டார், நல்லவேளை.

ஊருக்கு வரலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வரலாம். விமான நிலையத்தில் புறப்பாட்டுச் சீட்டில் திரும்பி வருவேன் என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். ஒரு வருடத்துக்குள், அதற்கு முன்பே விசா முடிந்தால் அந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும். டிக் போடாமல் பெங்களூருவில் வந்து இறங்கினால் அந்த விசா அங்கேயே முடிந்தது.

புதுப்பிப்பதற்கு நிறைய நாள் இருந்தால் செய்ய வேண்டியது

விசா முடிய ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போது வேலை மாறினால், ஷூரோ ஷிகாகு ஷோமேய்ஷோ என்ற சான்றுக்கு விண்ணப்பியுங்கள். இந்தப் புதுக் கம்பெனியில் இந்த வேலையைச் செய்ய இவருக்குத் தகுதி உண்டு என்று ந்யூகான் தரும் சான்று அது. கட்டாயம் இல்லை. கட்டணம் 2,000 யென். கம்பெனி மாறியவர்களுக்கு வர 1 முதல் 3 மாதம் ஆகும். ஆனால் புது வேலை பொருந்துமா என்ற பரிசோதனை அப்போதே முடிந்துவிடுவதால், புதுப்பிக்கும்போது பதற்றம் இல்லை. பொருந்தாது என்று வந்தாலும் வேறு வேலை தேட நேரம் இருக்கிறது. நான் இரண்டாவது முறை மாறியபோது இதை வாங்கினேன். அடுத்த புதுப்பிப்பு 3 வாரத்தில் முடிந்தது.

தம்பியின் அட்டை ஜூன் 2-ல் முடிகிறது. அவருக்கு இது தேவையில்லை, நேராகப் புதுப்பிக்கலாம்.

புதுப்பிக்கும் விண்ணப்பம்

முடியும் தேதிக்கு 3 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கம்பெனி மாறியிருந்தால் அந்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள், ஏனென்றால் புதிதாக விசா கேட்பது போலத்தான் பார்ப்பார்கள். தம்பிக்கு அது மார்ச் முதல் வாரம்.

உங்கள் பக்கம்: விண்ணப்பம், 4-க்கு 3 செ.மீ. புகைப்படம், பாஸ்போர்ட், அட்டை, குடியிருப்பு வரி விதிப்புச் சான்றும் கட்டியதற்கான சான்றும், பழைய கம்பெனியின் வரிச் சீட்டும் விலகல் சான்றும், பட்டச் சான்றிதழ். கம்பெனி பக்கம்: விண்ணப்பத்தில் முதலாளி நிரப்ப வேண்டிய பக்கங்கள், வேலை ஒப்பந்தம், கம்பெனியின் வரித் தாக்கல் சுருக்கத் தாள். சின்ன கம்பெனி என்றால் பதிவுச் சான்று, கணக்கறிக்கை, என்ன தொழில் செய்கிறது என்ற விளக்கம் எல்லாம் சேர்க்க வேண்டும். பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனி என்றால் தாள் மிகக் குறைவு. சின்ன கம்பெனியின் ஹெச்.ஆருக்கு இது முதல் அனுபவமாக இருக்கலாம். விண்ணப்பிக்கும் நாளுக்கு வெகு முன்பே பட்டியலைக் கொடுத்து ஞாபகப்படுத்திக்கொண்டே இருங்கள்.

வரிச் சான்று நீங்கள் இப்போது இருக்கும் ஊரில் கிடைக்காமல் போகலாம். ஜனவரி 1-ம் தேதி எந்த ஊரில் பதிவாகியிருந்தீர்களோ அந்த நகராட்சிதான் தரும். வேலைக்காக ஊர் மாறியவர்கள் இதில் ஒரு வாரம் இழக்கிறார்கள்.

அந்தச் சான்றில் உங்களைச் சார்ந்து எத்தனை பேர் என்ற எண்ணும் இருக்கும். அம்மா அப்பாவைச் சேர்த்தால் வரி குறையும் என்று கேள்விப்பட்டுச் சேர்த்திருப்பீர்கள். 2023-லிருந்து விதி கடுமையாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் 30 முதல் 69 வயதுக்காரரைச் சேர்க்க, மாணவரோ மாற்றுத்திறனாளியோ இல்லை என்றால், அவருக்கு வருடத்துக்கு 3,80,000 யென்னுக்குக் குறையாமல் பணம் அனுப்பியிருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. மொத்தப் பணத்தையும் அப்பா கணக்குக்கு அனுப்பிவிட்டு அம்மாவையும் சேர்த்தால் செல்லாது. உறவுக்கான சான்றும் அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் வேண்டும். என் பிறப்புச் சான்றிதழில் பெயரே பதிவாகாமல் இருந்தது. ஒரு லீவு முழுக்க அதற்கே அலைந்தேன். உங்களுடையதை எடுத்துப் பாருங்கள்.

பட்டச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். நம்மில் பலர் புரொவிஷனல் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். எனக்குக் கடைசி நேரத்தில் அம்மா பீரோவிலிருந்து பட்டத்தை எடுத்து, கட்டில் மேல் விரித்து, போனில் படம் பிடித்து அனுப்பினார். ஃபேன் காற்றில் ஒரு மூலை மடங்கி, என் பெயர் இருந்த இடத்தில் நிழல் விழுந்திருந்தது. போகும்போதே ஒழுங்காக ஸ்கேன் செய்து எடுத்துப் போங்கள்.

நம்ம ஆதார் மாதிரி அங்கே இருக்கும் மை நம்பர் கார்டு இருந்தால் விண்ணப்பத்தை இணையத்தில் போடலாம். நேரில் என்றால் டோக்கியோக்காரர்கள் ஷினாகாவா போக வேண்டும், நாகோயாக்காரர்கள் அவோனாமி ரயிலைப் பிடிக்க வேண்டும். காலையிலேயே போங்கள். நேரில் கொடுத்தால் முடிவு தபால் அட்டையில் வரும். கட்டணம், அனுமதி கிடைத்த பிறகுதான்: 2025 ஏப்ரல் 1 முதல் நேரில் 6,000 யென், இணையத்தில் 5,500 யென். கட்டணம் மாறக்கூடியது, விண்ணப்பிக்கும் நேரத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் குடிவரவுத் தகவல் மையத்தின் எண் 0570-013904. ஆங்கிலத்தில் பேசலாம்.

முடியும் தேதிக்குள் விண்ணப்பித்துவிட்டு, முடிவு வராமல் தேதி தாண்டினால் பயப்பட வேண்டாம். முடிவு வரும் வரை, அதிகபட்சம் 2 மாதம், பழையபடியே தங்கலாம், வேலையும் பார்க்கலாம். அந்த நாட்களில் ஊருக்கு மட்டும் வந்துவிடாதீர்கள், அந்த 2 மாதத்துக்குள் திரும்பியாக வேண்டிய நெருக்கடி வந்துவிடும். மறுத்துவிட்டால் ந்யூகானுக்கு நேரில் போய்க் காரணத்தைக் கேளுங்கள். தாள் குறைபாடு என்றால், நாள் இருக்கும்போது சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்க வழியுண்டு.

பெயர் என்ற பெரிய தலைவலி

நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எங்கே இருக்கிறதோ அதுதான் அட்டையில் வரும், அதை மாற்ற முடியாது. சிக்கல், வெளிநாட்டுப் பெயர்களை ஜப்பானியர் எழுதும் கட்டகானா எழுத்தில்தான். முருகேசன் என்ற பெயரை ஒரு கம்பெனி "கே"-க்கு நெடில் கோடு போட்டு எழுதும், இன்னொன்று கோடு இல்லாமல் எழுதும். வங்கியில் ஒரு மாதிரி, சம்பளப் பட்டியலில் ஒரு மாதிரி. புதுக் கம்பெனியில் என் முதல் சம்பளம் அந்த ஒரு கோட்டுக்காக வங்கியிலிருந்து திரும்பிப் போனது. சேரும் நாளிலேயே வங்கிப் புத்தகத்தின் நகலைக் கொடுத்து, இதே எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஓய்வூதியப் பதிவும் அதே எழுத்தில் இருக்கட்டும். 2016 அக்டோபரிலிருந்து இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. பின்னால் இரண்டு நாட்டுப் பணிக்காலத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

புது அட்டை வந்த அன்று

தம்பிக்கு ஏப்ரல் கடைசியில் தபால் அட்டை வந்தது. புது அட்டையைப் படம் பிடித்து அனுப்பினார், 3 வருடம் போட்டிருந்தார்கள். வாழ்த்து சொல்லிவிட்டு, அன்றைக்கே நகராட்சி அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். மை நம்பர் கார்டின் காலம் பழைய விசா தேதியோடு முடிந்துவிடும், அது தானாக நீளாது. அந்தத் தேதி தாண்டினால் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அப்புறம் வங்கிக்கும் கம்பெனி ஹெச்.ஆருக்கும் நகல். மனைவி சார்ந்திருப்போர் விசாவில் அங்கே வந்திருந்தால் அவர் விண்ணப்பத்தையும் உங்களோடு சேர்த்தே கொடுங்கள்.

நாலு மணிக்கு மறுபடி போன் வந்தது. நகராட்சி வேலை முடிந்துவிட்டதாம், வங்கிக்கு நாளைக்குப் போகிறாராம். "மா சீசனுக்கு ஜூன்ல வரட்டுமா அண்ணா?" என்று கேட்டார். வாங்க என்றேன், புறப்படும்போது அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு.